வெளியே போக ஒரே கோடு

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீஸ்ல. நனைஞ்சுக்கினே போனேன்.

இன்னிக்கும் முனை ஒட்டுற வேலைதான். மேலேருந்து எடுத்த படத்துல ஒவ்வொரு தெரு நடுவுலயும் ஒரு கோடு. ரெண்டு தெரு சேர்ற எடத்துல ஒரு புள்ளி. பாக்க ஒட்டினாப்பல இருக்கும், பெருசு பண்ணிப் பாத்தா மயிரிழை இடைவெளி. அவ்ளோ போதும், கம்ப்யூட்டருக்கு அங்க வழியே கெடையாது. எதிர் வூட்டுக்குப் போக ஊரைச் சுத்தச் சொல்லும். கள்ளக்குறிச்சி பூரா இப்படி ஒட்டியாகணும். கண்ணு எரியுது.

மெட்ராஸ்லேருந்து மணிமாறன் சார் போன். எங்க வேலைக்கெல்லாம் அவர்தான் மேல. "சீக்கிரம் முடி சுதா. ஜனம் எந்தத் தெரு வழியா ஜாஸ்தி போவாங்கன்னு ஒரு ஆளையும் எண்ணாம இந்தக் கோட்ட வெச்சே சொல்லிடலாம்." எப்பவும் சொல்றதுதான்.

வாங்க வேண்டியது: பால், கொசுவத்தி, சார்ஜர் ஒயரு.

டீக்கடையில பின்னாடி ரெண்டு பேரு:
"மலையில ஊத்து ஊத்துன்னு ஊத்துதாம்பா."
"ஊத்தட்டும். ஏரி ரொம்பிப் பாத்து எவ்ளோ காலமாச்சு."

சாயங்காலம் தங்கச்சி வனிதா. புது வூட்டுக்கு ஸ்கிரீன் துணி இன்னா கலர்ல எடுக்கலாம்னு அரை மணி நேரம். பச்சை எடுன்னேன். நீலந்தான் எடுப்பா.

அக்டோபர் 28, செவ்வாய்

மேகம். மழை இல்ல. கரண்ட் போய்ப் போய் வந்துது.

மதியம் மொத்த ஊரையும் ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். எங்கேருந்து எங்க போனாலும் எது கிட்ட வழின்னு பாத்து, அதுல திரும்பத் திரும்ப வர்ற தெருவைச் சிவப்பாக் காட்டும். கடைத்தெரு சிவக்கும்னு தெரியும். சிவந்துது. அதைவிட ஜாஸ்தியா ஒண்ணு, ஊருக்குக் கெழக்க. மெயின் ரோட்டுல ஏறாம குறுக்கால போற தெரு, செண்பகா நகர் வழியா. புது மனைப்பிரிவு.

சாருக்குத் தலைகால் புரியல. "ஊருக்கே தெரியாத மெயின் ரோடு சுதா இது! அறிக்கையில மொத பக்கத்துல போடு."

போட்டேன். போட்டுட்டு அதையே பாத்துக்கினு இருந்தேன். செ.நகர்ல மத்த தெரு எல்லாம் ஸ்கேல் வெச்சு கிழிச்சாப்பல. இது மட்டும் வளைஞ்சு வளைஞ்சு போகுது. மனை போடுறவன் ஒரு அடி வீணாக்க மாட்டான். இதை ஏன் வளைய வுட்டான்?

வனிதா வூடு அந்தத் தெருவுலதான். கெழக்குப் பக்கம், வளைவு கிட்ட.

அக்டோபர் 29, புதன்

மழை விட்டு விட்டு. ஜமீலாவோட ஸ்கூட்டர்ல செ.நகர் போனோம். நான் ஆபீஸ்ல கோடு போடுவேன், அவ நேர்ல போய் சரி பாப்பா. இன்னிக்கு நானும் வர்றேன்னதும் ஒரு மாதிரியாப் பாத்தா.

வனிதா வூடு பூட்டி இருந்துது. ரேஷன் கடைக்குப் போயிருப்பா.

தெருவைக் கடைசி வரைக்கும் நடந்தோம். கரண்ட் கம்பத்துக்கு அடியில எல்லாம் இடுப்பு உசரம் சிமெண்ட் மேடை. காலி மனையில கோரைப் புல்லு, நண்டு வளை. பழைய மோட்டார் ரூம் ஒண்ணு, செவுத்துல நெஞ்சு உசரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதுக்கு மேல சுண்ணாம்பு வெள்ளையா இருக்கு, கீழ இல்ல.

தெரு மேக்கால ஊர்ப்பக்கம் திரும்புற எடத்துல சீமைக்கருவேல மரம். நொழைஞ்சு போனோம், கையெல்லாம் கீறல். உள்ள ஏரிக்கரை. கரை நடுவுல கலிங்கு, ஏரி ரொம்பினா தண்ணி வழிஞ்சு போறதுக்குன்னு அந்தக் காலத்துல கட்டின கல்லுக்கட்டு. மேல ஏறி நின்னு திரும்பிப் பாத்தா நேர் கீழ செண்பகா நகர்த் தெரு, வாயைத் தொறந்துக்கினு கெடக்குது.

ஜ. அந்த வளைவை விரலால காத்துல வரைஞ்சு பாத்தா. அப்புறம் சொன்னா, "இது தெரு இல்ல சுதா. காவா. மண்ணு கொட்டி தார் போட்டிருக்கான்."



அக்டோபர் 30, வியாழன்

நல்ல மழை. ஆபீஸ் ஜன்னல் ஒழுகுது, பக்கெட் வெச்சிருக்கு.

சார் கிட்ட போன்ல சொன்னேன். "ரோடு வேற, தண்ணி வேற சுதா. தண்ணி வேற டீம். நம்ம கோட்டுல தண்ணி கெடையாது."
"மழைன்னா அது ரோடே இல்ல சார்."
"இன்னிக்கு ரோடா, இல்லியா?"
"ரோடுதான்."
"அப்ப போட்டது சரி."

அறிக்கை நேத்தே போயிடுச்சாம்.

அவரு வெச்சப்புறம் என் காப்பியில மட்டும் அந்தத் தெருவை எடுத்துட்டுப் பாத்தேன். சும்மா, இன்னா ஆகுதுன்னு. செ.நகர் கெழக்குப் பாதி மொத்தமா சாம்பல் கலர் ஆயிடுச்சு. சாம்பல்னா எந்த எடத்துக்கும் போக முடியாதுன்னு அர்த்தம். எங்கியாவது முனை ஒட்டாம வுட்டுட்டேனான்னு ஒவ்வொண்ணாத் தேடினேன். எல்லாம் ஒட்டித்தான் இருக்கு. வடக்க ஏரி. தெக்க பள்ளம். கெழக்க ரைஸ் மில்லு காம்பவுண்டு. அவ்ளோ வூட்டுக்கும் வெளிய வர ஒரே கோடு. அந்தக் கோடுதான் காவா.



அக்டோபர் 31, வெள்ளி

காலையில வெயில், ஈரத்துல புழுக்கம். அரை நாள் லீவு சொல்லிட்டு வனிதா வூட்டுக்கு.

வாசல்ல ஸ்கூல் வேன். யாழினியை எறக்கி வுட வந்தவரு, வேன் ஓட்டுற தேவராஜ் அண்ணன். நரைச்ச மீசை, காதுல பஞ்சு. "உங்க தங்கச்சி பொண்ணு வேன்ல பாட்டு நிறுத்த மாட்டேங்குதும்மா"ன்னு சிரிச்சாரு.

வனிதா வூட்டுக்காரர் ஏழுமலை வூட்டுலதான் இருந்தாரு. வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுறாரு, இன்னிக்கு வண்டி ஒர்க் ஷாப்ல. சுத்தி வளைக்காம சொன்னேன். காவா, கலிங்கு, ஒரே வழி. மழை முடியுற வரைக்கும் என் ரூமுக்கு வந்துடுங்கன்னேன்.

முகம் மாறிப் போச்சு. "இன்னா அண்ணி பேசுறீங்க? பத்திரம் பாத்து, வில்லங்கம் பாத்து வாங்குனது."
"பத்திரத்துல தப்பு இல்லீங்க. தண்ணி—"
"இந்த ஏரி ரொம்பி நான் பாத்ததே இல்ல. குடி வந்து ஒரு மாசங்கூட ஆவல, வூட்ட வுட்டு ஓடுன்றீங்க. நீங்க கம்ப்யூட்டர்ல கோடு போட்டு காவான்னு எழுதிட்டா நாளைக்கு இடிக்க வந்துடுவான். அதுக்கா வந்தீங்க?"

வனிதா அடுப்படியில. டம்ளரைக் கழுவிக்கினே இருந்தா, கழுவினதையே.

கேட் வரைக்கும் கூட வந்தா. மெதுவா, "அக்கா, காலையில எழுந்து கால் வெச்சா தரை சில்லுன்னு இருக்குது. டைல்ஸ் இடுக்குல தண்ணி கசியுது. அவருகிட்ட சொல்லல. பாத்ரூம்லேருந்து வருதுன்னு நெனச்சுக்கினு தொடைச்சுட்டு இருக்கேன்."

ஸ்கிரீன் துணி நீலம்தான்.

நவம்பர் 1, சனி

மலைப்பக்கம் கறுப்பா இருக்கு. இங்க காத்து மட்டும்.

ஜ. கேட்டா, "இன்னொரு வழி இருந்தா?" படத்தை விரிச்சு வெச்சுப் பாத்தோம். கெழக்க ரைஸ் மில்லு. மில்லு வாசல் சேலம் ரோட்டுல, மேடு. நடுவுல ஒரு செவுரு. அதுல ஒரு கேட்டு இருந்தா போதும். புள்ளி புள்ளியா ஒரு கோடு போட்டுப் பாத்தேன். சாம்பலா இருந்தது அத்தினியும் பச்சை ஆச்சு.

நேராப் போய் மில்லுக்காரரைப் பாத்தோம். பெரிய குடும்பம், நெலம் நெறைய. மரியாதையா உக்கார வெச்சாரு. காபி வந்துது. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு.

"மழைக்கு மட்டும் ஒரு கேட்டுன்றீங்க."
"ஆமாங்க ஐயா."
"ஒரு தடவை வழி வுட்டா அது வழியாவே நின்னுடும். நாளைக்கு பாதைன்னு எழுதுவீங்க. அங்க குடி இருக்கறவங்க பாதை எங்களுதும்பாங்க." என் கையில இருந்த படத்தை எட்டிப் பாத்தாரு. "அதுல போட்டிருக்கீங்க போல."
"சும்மா போட்டுப் பாத்தது."
"அழிச்சுடுங்கம்மா." சிரிச்சுக்கினேதான் சொன்னாரு. "நீங்க பொம்பளைப் புள்ளைங்க, வண்டியில போறவங்க வர்றவங்க. நமக்குள்ள எதுக்கு."

காபி நல்லாதான் இருந்துது. வெளிய வந்ததும் ஜ. வண்டிய எடுக்கப் போனா. சாவியைக் கீழ போட்டுட்டா.

நவம்பர் 2, ஞாயிறு

துணி துவைச்சேன். காயாது.

ஏரிக்குப் போய்ப் பாத்தேன். அன்னிக்குப் புல்லு முளைச்சிருந்த எடமெல்லாம் தண்ணி. கலிங்குக் கல்லுக்குக் கீழ ஒரு முழம் பாக்கி இருக்கும். கரையில நல்ல கூட்டம். விவசாயம் பண்றவங்க தேங்கா ஒடைச்சு, சூடம் கொளுத்தி, ஒருத்தருக்கொருத்தர் சந்தோஷமாச் சொல்லிக்கினு. "ரெண்டு போகம் கவலை இல்ல." பொம்பளைங்க மஞ்சள் தண்ணி ஊத்துறாங்க. எனக்கும் நெத்தியில குங்குமம் வெச்சு வுட்டாங்க ஒரு அம்மா.

அவங்க சந்தோஷத்துல நியாயம் இருக்கு. அதான் பயமா இருக்கு.

நவம்பர் 3, திங்கள்

காலையில பஸ் ஸ்டாண்ட் செவுத்துல புது நோட்டீஸ். மெயின் ரோட்டுல பாலம் தோண்டிப் போட்டிருக்கறதால மழை முடியுற வரைக்கும் ஸ்கூல் வண்டி, சின்ன வண்டி எல்லாம் மாற்று வழியில போகணும். கீழ மேப். என் மேப். நான் வெச்ச கலர்கூட மாத்தல. செண்பகா நகர்த் தெரு மேல அம்புக்குறி.

ஜ.வும் நானும் நோட்டீஸ் ஒட்டின ஆபீசுக்குப் போனோம். இருந்தவரு நல்ல மனுஷன், பாவம், மூணு போன் மாத்தி மாத்தி அடிக்குது.

"உங்க ஆளுங்கதானே இதான் நல்ல வழின்னு குடுத்தது?"
"மழைக்கு இல்லீங்க. நேர் மேல கலிங்கு. ரொம்பினா இதுல தான் வரும்."
"அப்ப அதை ஏன் எழுதல?"

எங்க மேப்புல அதை எழுத எடம் இல்லீங்கன்னு சொல்ல வாய் வந்துது. சொன்னா நல்லா இருக்காது.

"சரி, நாளைக்கு ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்."

சாருக்கு நாலஞ்சு தடவை போன் போட்டேன். மீட்டிங்காம்.

வனிதாவுக்கு மட்டும் சொன்னேன். தண்ணி வந்துட்டா மேக்கால ஓடாத, தெருவுல எறங்காத. கெழக்க, மில்லு செவுரு. "கடப்பாறை வூட்டுல இருக்கா?" இருக்குன்னா. எதுக்குன்னு கேக்கல.

நவம்பர் 4, செவ்வாய்

எழுத முடியுற வரைக்கும் எழுதுறேன்.

விடிஞ்சதுலேருந்து நிக்காத மழை. ஸ்கூல் லீவு வுடல. பத்து மணிக்கு மேல ஏழுமலை போன். அன்னிக்குச் சண்டைக்கப்புறம் மொத தடவை. வெள்ளிமலைப் பக்கத்துலேருந்து, காத்து எரைச்சல்.

"அண்ணி, இங்க ஓடை ரோட்டு மேல போவுது. மண்ணு சரிஞ்சு வண்டி நிக்குது, எறங்க முடியல. அவ்ளோ தண்ணியும் அங்கதான் வருது. வனிதா போன் எடுக்கல. புள்ள ஸ்கூல்ல. அண்ணி..." அழறாருன்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு.

ஸ்கூலுக்குப் போட்டேன். மழைக்காக முன்னாடியே வுட்டாச்சு, வேன் கெளம்பிடுச்சுன்னாங்க. எந்த வழின்னு கேக்க வேண்டியதே இல்ல.

ஜ. ஸ்கூட்டர எடுத்தா. தெரு முனையில தண்ணி முழங்காலுக்கு, செம்மண் கலர்ல, சத்தத்தோட. மாற்று வழின்னு பாத்துட்டு வண்டிங்க வந்துக்கினே இருக்கு. ஜ. ஸ்கூட்டரைக் குறுக்க போட்டுட்டு நடுவுல நின்னுட்டா. "போகாதீங்க! போகாதீங்க!" ஒருத்தன் ஆரன் அடிச்சு அசிங்கமாத் திட்டினான். நகரவே இல்ல அவ. தூரத்துல வளைவு கிட்ட மஞ்சள் வேன் தெரிஞ்சுது. சாஞ்சு நின்னுது. அந்தப் பக்கம் போக வழி இல்ல.

சேலம் ரோடு சுத்தி மில்லுக்கு ஓடினேன். பாதி தூரம் ஒரு ஆட்டோ. வாட்ச்மேன் உள்ள வுட்டாரு, ஆனா செவுத்துல கை வெக்க வுட மாட்டேன்னுட்டாரு. "ஐயா ஊர்ல இல்லம்மா. என்னைத்தான் கேப்பாங்க." அவரு கைய எடுத்துக் கும்புடுறாரு, நான் அவரைக் கும்புடுறேன். அப்பதான் செவுருக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்துது.

டம். கொஞ்சம் விட்டு மறுபடி டம்.

நான் என் பக்கத்துலேருந்து செவுத்தைத் தட்டினேன். "வனிதா!"
"அக்கா, தள்ளிக்க!"

நெல்லு மூட்டை தள்ளுற கம்பி ஒண்ணு சாத்தி வெச்சிருந்துது. எடுத்தேன். கொஞ்ச நேரத்துல வாட்ச்மேனும் வந்து ஒரு பக்கம் புடிச்சாரு.

கல்லு பேந்து ஓட்டை ஆச்சு. மொதல்ல ஒரு கை வந்துது, சிமெண்டும் ரத்தமுமா. வனிதா கை. அப்புறம் புள்ளைங்க. சேலையில முடிச்சு போட்டு, வேன்லேருந்து ஒவ்வொண்ணாக் கெழக்கு வரிசை வூட்டுக்குக் கொண்டாந்திருக்காங்க. தண்ணியில நின்னு தூக்கிக் குடுத்தது தேவராஜ் அண்ணன். யாழினி என் கழுத்தைக் கட்டிக்கினவ வுடல. உடம்பு ஐஸா இருந்துது.

இந்தப் பக்கம் வந்ததும் புள்ளைங்களை எண்ணினோம். ஒண்ணு கம்மி. மறுபடி எண்ணினோம். கம்மி. செவுத்து ஓட்டை வழியா அதை அங்க யாரோ கத்திச் சொல்ல, தேவராஜ் அண்ணன் திரும்ப வேனுக்குப் போயிருக்காரு.

அந்தப் புள்ள வேன்ல இல்ல. மொதல்லயே ஒரு வூட்டு மாடியில ஏத்தி வுட்டிருக்காங்க.

வேன் பொரண்டப்ப நான் பாக்கல. சத்தம் கேட்டுது.

நவம்பர் 5, புதன்

மழை இல்ல. வெறிச்சுனு வெயில்.

தண்ணி வடிஞ்சுடுச்சு. தேவராஜ் அண்ணன் கெடைச்சது தெக்குப் பள்ளத்துல, முள்ளுல. அவங்க வீட்டம்மா பெரியாஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தாங்க. பக்கத்துல போய் நின்னேன். யாரும்மான்னு கேட்டாங்க. யாழினி பெரியம்மான்னேன். "அந்தப் பாடுற புள்ளயா? நல்லா இருக்குதா?" நல்லா இருக்குதுங்க. "அது போதும்"னாங்க. அங்க நிக்க முடியல, வந்துட்டேன்.

சார் போன். டிவியில பாத்தாராம். "நம்ம மேல தப்பு இல்ல சுதா. தெரு இருந்துது, போட்டோம். யாரு கேட்டாலும் அதைச் சொல்லு."

வெச்சுட்டேன். பதில் சொல்லாம போன் வெச்சது இதான் மொத தடவை.

வனிதாவும் யாழினியும் என் ரூம்ல. வனிதா கையில ஆறு தையல். யாழினி இன்னும் ஒரு வார்த்தை பேசல.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மேகம். கடல்ல புதுசா தாழ்வு நிலையாம், டீக்கடை டிவி.

ஏழுமலை விடியக்காலம் எறங்கி வந்தாரு. புள்ளையைப் பாத்தாரு, வனிதா கையைப் பாத்தாரு, என்னைப் பாக்கல. வூட்டைப் பாத்துட்டு வர்றேன்னு போனவரு அரை மணியில போன்.

"அண்ணி, மில்லுக்காரன் ஆளுங்க செவுரு வெக்க வந்துட்டானுங்க. கல்லு, சிமெண்டு, கொத்தனாரு எல்லாம். ஏரி இன்னும் கலிங்குக் கல்லு மட்டத்துக்கு ரொம்பித்தான் நிக்குது."
"நீங்க இன்னா பண்றீங்க?"
"ஓட்டையில உக்காந்துக்கினு இருக்கேன். நகர் ஆளுங்க எல்லாரும் உக்காந்திருக்கோம்." "மில்லு வழியா ஒரு கோடு போட்டீங்களாமே, வனிதா சொன்னா... அதைப் போட்டுடுங்க அண்ணி. எல்லாரும் பாக்குற மேப்புல."

ஆபீஸ் வந்தேன். செவுரு உடைஞ்ச எடத்துல ஒரு புள்ளி, சேலம் ரோட்டுல ஒரு புள்ளி. நடுவுல கோடு. இந்தத் தடவை புள்ளி புள்ளியா இல்ல. ஜனம் நடந்து வந்த வழி, நான் கண்ணால பாத்தது, தெருன்னா அதானே. செண்பகா நகர்த் தெருவைக் காவாய மூடின வழின்னு குறிச்சேன். அதுக்குக் கட்டம் இல்ல, பேர் எழுதுற எடத்துலயே எழுதினேன்: மழையில போகாதே. சாரைக் கேக்காம, எங்கெங்க அனுப்பணுமோ அத்தனை எடத்துக்கும் அனுப்பிட்டேன்.

சாப்பிடலாம்னு டப்பாவைத் தொறக்கும்போது போன். தெரியாத நம்பர். மரியாதையான குரல்.

"மில்லுலேருந்து பேசுறோம்மா. ஐயா உங்களைப் பாக்கணும்ன்றாரு. கீழ கார்ல இருக்காரு. நீங்க எறங்கி வர்றீங்களா, நாங்க மேல வரட்டுமா?"

ஜன்னல்ல பாத்தேன். ரெண்டு கார். ஏழெட்டு பேரு, எவன் கையிலயும் குடை இல்ல. தூற ஆரம்பிச்சிருக்கு.

ஜ. கதவைத் தாப்பா போட்டுட்டு மேசையை இழுக்குறா. ஏழுமலைக்குப் போட்டேன், நகர்லேருந்து கெளம்பிட்டாங்களாம், எல்லாரும். யாரு மொதல்ல வருவாங்கன்னு தெரியல. படியில செருப்புச் சத்தம்.